நம்ம பூத் என்ன சொன்னது? கோவை மக்களவைத் தொகுதியின் ஓட்டுக் கணக்கை நீங்களே எடுத்துப் பார்ப்பது எப்படி

தேர்தல் வந்துவிட்டால், பேக்கரி வாசலில் நின்று ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லிவிடுவார்கள். கோயமுத்தூர் இந்தக் கட்சிக் கோட்டை என்று ஒருவர், இல்லை அந்தக் கட்சிக் கோட்டை என்று இன்னொருவர், இங்கே சாதிதான் பேசும், மற்றதெல்லாம் சும்மா என்று மூன்றாமவர். கணக்கு எங்கே என்று கேட்டால் மூன்று பேரிடமும் இருக்காது. ஆனால் கணக்கு முழுவதும் பொதுவில் இருக்கிறது, காசு கட்ட வேண்டாம், யாரிடமும் கெஞ்ச வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். நான் துடியலூர்ப் பக்கம் குடியிருப்பவன், எங்கள் வாக்குச்சாவடி எப்படி ஓட்டுப் போட்டிருக்கிறது என்று பார்க்க உட்கார்ந்து, கடைசியில் தொகுதியின் எழுபது வருசத்தையும் புரட்ட வேண்டியதாகிவிட்டது. அந்த வழியை அப்படியே எழுதுகிறேன்.

முதல் வேலை, நீங்கள் எந்தத் தொகுதி என்று சரியாகத் தெரிந்துகொள்வது. இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும், ஆனால் நம் புறநகர்க்காரர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். மாநகராட்சிக்கு வீட்டு வரி கட்டுகிறோம், அதனால் நம் எம்.பி. கோயமுத்தூர் எம்.பி.தான் என்று நினைத்துக்கொள்கிறோம். 2011ல் மாநகராட்சி விரிந்தபோது குனியமுத்தூர், குறிச்சி, கவுண்டம்பாளையம் நகராட்சிகளும் வடவள்ளி, வீரகேரளம், துடியலூர், சரவணம்பட்டி, காளப்பட்டி மாதிரியான பேரூராட்சிகளும் உள்ளே வந்து 100 வார்டு ஆனது. மக்களவைத் தொகுதியின் கோடு அதற்கு முன்பே, 2008ல் போடப்பட்டுவிட்டது. மாநகராட்சி விரிந்ததற்காக அந்தக் கோடு நகரவில்லை. குனியமுத்தூர், குறிச்சி, வடவள்ளிப் பக்கமெல்லாம் தொண்டாமுத்தூர், கிணத்துக்கடவு சட்டமன்றத் தொகுதிகளில் வருகிறது, அந்த இரண்டும் பொள்ளாச்சி மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தவை. வீட்டு வாசலில் நிற்பது கோவை மாநகராட்சிக் குப்பை வண்டி, டெல்லிக்குப் போவது பொள்ளாச்சி எம்.பி. மேட்டுப்பாளையம் கோவை மாவட்டம், ஆனால் ஓட்டு நீலகிரிக்கு. பல்லடம் திருப்பூர் மாவட்டம், ஆனால் ஓட்டு கோவைக்கு.

சந்தேகமே வேண்டாமென்றால் வாக்காளர் அட்டையை எடுத்து, அதிலுள்ள எண்ணைத் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவைத் தளத்தில் போட்டுப் பாருங்கள். 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். சட்டமன்றத் தொகுதி, மக்களவைத் தொகுதி, பாகம் எண், வரிசை எண் நான்கும் வரும். நான்கையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பாகம் எண்தான் பின்னால் ரொம்ப உதவும், ஏனென்றால் பெரும்பாலும் அதுதான் உங்கள் பூத் எண்.

இப்போதைய கோவை மக்களவைத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள்: கோவை வடக்கு, கோவை தெற்கு, சிங்காநல்லூர், கவுண்டம்பாளையம், சூலூர், பல்லடம். முதல் மூன்றும் பழைய ஊர், பின் மூன்றும் ஊர் பரவிப் போன இடங்கள். அந்தப் பக்கம்தான் ஓட்டு எண்ணிக்கை வீங்கிக்கொண்டே போகிறது. 2009ல் மொத்தம் பதிவான ஓட்டு 8 லட்சத்துச் சொச்சம், 2024ல் 13 லட்சத்துக்கும் மேல். இந்த ஐந்து லட்சம் பேரும் எங்கே குடியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமென்றால் சத்தி ரோட்டில் சரவணம்பட்டி தாண்டி ஒருமுறை போய்வந்தால் போதும்.

அடுத்தது ஜெயித்தவர்கள் பட்டியல். எல்லாரும் இதோடு நிறுத்திக்கொள்வதால்தான் கோட்டைப் பேச்சு வருகிறது. இருந்தாலும் பட்டியல் இல்லாமல் எதுவும் நடக்காது, நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். 1952ல் காங்கிரசின் டி.ஏ. ராமலிங்கம் செட்டியார், 1957ல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பார்வதி கிருஷ்ணன், 1962ல் காங்கிரசின் பி.ஆர். ராமகிருஷ்ணன், 1967ல் மார்க்சிஸ்ட் கட்சியின் கே. ரமணி, 1971ல் இந்தியக் கம்யூனிஸ்ட் கே. பாலதண்டாயுதம், 1974 இடைத்தேர்தலிலும் 1977லும் மறுபடி பார்வதி கிருஷ்ணன், 1980ல் தி.மு.க.வின் இரா. மோகன், 1984, 1989, 1991 மூன்று முறையும் காங்கிரசின் சி.கே. குப்புசாமி, 1996ல் தி.மு.க.வின் மு. ராமநாதன், 1998லும் 1999லும் பா.ஜ.க.வின் சி.பி. ராதாகிருஷ்ணன், 2004ல் இந்தியக் கம்யூனிஸ்ட் கே. சுப்பராயன், 2009ல் மார்க்சிஸ்ட் பி.ஆர். நடராஜன், 2014ல் அ.தி.மு.க.வின் பி. நாகராஜன், 2019ல் மறுபடி பி.ஆர். நடராஜன், 2024ல் தி.மு.க.வின் கணபதி ப. ராஜ்குமார்.

எண்ணிப் பாருங்கள். இடதுசாரிக் கட்சிகள் இரண்டும் சேர்த்து எட்டு முறை, அ.தி.மு.க. ஒரே ஒரு முறை. கொங்கு என்றாலே அ.தி.மு.க. என்று சொல்லும் ஊரில் இப்படி இருக்கிறதே என்று எனக்கும் முதலில் பிடிபடவில்லை. காரணம் சாதாரணமானது, அ.தி.மு.க. பல தேர்தல்களில் இந்தத் தொகுதியைக் கூட்டணிக் கட்சிக்கு விட்டுக்கொடுத்துவிட்டது. அதனால் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அந்த வருசம் யாரோடு கூட்டணி என்று கட்டாயம் எழுதுங்கள், எழுதாவிட்டால் பட்டியல் பொய் சொல்லும்.

பி.ஆர். நடராஜனையே எடுத்துக்கொள்வோம். ஒரே ஆள், ஒரே கட்சி, ஒரே தொகுதி. 2009ல் அவர் அ.தி.மு.க. கூட்டணி, எதிரே தி.மு.க. ஆதரவோடு காங்கிரஸ். 2019ல் அவர் தி.மு.க. கூட்டணி, எதிரே அ.தி.மு.க. ஆதரவோடு பா.ஜ.க. சி.பி. ராதாகிருஷ்ணனும் அப்படித்தான், 1998ல் பக்கத்தில் அ.தி.மு.க., 1999ல் பக்கத்தில் தி.மு.க. அந்த 1998 தேர்தலைப் படிக்கும்போது இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஓட்டுப் பதிவுக்குக் கொஞ்ச நாள் முன்புதான், பிப்ரவரி 14 அன்று, ஊரில் குண்டுகள் வெடித்து 58 பேர் செத்துப் போனார்கள். அந்த வருசத்து ஓட்டை வேறெந்த வருசத்தோடும் வைத்துப் பார்ப்பது சரியில்லை என்பது என் கருத்து.

பழைய வரிசையில் இரண்டு இடத்தில் கொஞ்சம் நின்று போங்கள். 1952ல் ராமலிங்கம் செட்டியார் போட்டியில்லாமல் வந்தவர், அதாவது அந்த வருசத்துக்கு எதிரே எழுத ஓட்டே கிடையாது. சதவீதம் போடும்போது அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். அப்புறம் 1974. பாலதண்டாயுதம் 1973 மே மாதம் டெல்லி அருகே நடந்த விமான விபத்தில் இறந்தார், அதே விமானத்தில் மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலமும் இறந்தார். மோகன் குமாரமங்கலத்தின் தங்கைதான் பார்வதி கிருஷ்ணன். அண்ணனைக் கொண்டுபோன அதே விபத்தால் காலியான இடத்தில் நின்று ஜெயித்திருக்கிறார். வெறும் பட்டியலில் இது தெரியாது, "1974, இடைத்தேர்தல்" என்று மட்டும்தான் இருக்கும்.

இந்த ஊரில் கம்யூனிஸ்டுகள் எப்படி இத்தனை முறை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் அப்பாரு (தாத்தா) மில்லில் முப்பது வருசம் ஸ்பின்னிங்கில் நின்றவர், அவரிடம் கேட்டேன். "கட்சியென்ன கண்ணு, சங்கம் நமக்குப் போனஸ் வாங்கிக் குடுத்துது, சங்கத்துக்கு நாம ஓட்டுப் போட்டோம், அவ்வளவுதான்" என்றார். 1888ல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கி, 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு ரோட்டுக்கு ரோடு மில்லாக நின்ற ஊர் இது. சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த நான்கு மில் தொழிலாளிகளை 1946 ஜனவரி 8 அன்று தூக்கில் போட்டார்கள், அவர்கள் பெயரை இன்றும் அந்தப் பக்கம் சொல்வார்கள். மில் எங்கெங்கே இருந்தது என்று ஒரு பழைய ஆளை உட்காரவைத்துக் கேட்டு வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள், பூத் கணக்கைப் பார்க்கும்போது அந்தப் புள்ளிகள் வேலை செய்யும்.

சரி, இப்போது எல்லை. 1967, 1977, 2009 மூன்று தேர்தல்களுக்கு முன்பும் தொகுதிகளின் கோடு மாற்றி வரையப்பட்டது. கோயமுத்தூர் என்ற பெயர் மட்டும் அப்படியே இருந்தது, அதற்குள் இருந்த ஊர்கள் மாறிவிட்டன. 2004 வரைக்கும் திருப்பூர் இந்தத் தொகுதிக்குள் இருந்தது. கோவை கிழக்கு, கோவை மேற்கு, பேரூர் என்றெல்லாம் சட்டமன்றத் தொகுதிகள் இருந்தன. 2009ல் திருப்பூர் தனி மக்களவைத் தொகுதி ஆகி, பனியன் கம்பெனித் தொழிலாளர் ஓட்டு ஒரு பெரிய துண்டாக வெளியே போனது. 2004ல் இங்கே ஜெயித்த சுப்பராயன் பிறகு 2019லும் 2024லும் திருப்பூரில் ஜெயித்தது இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. தொண்டாமுத்தூர் 2004 வரை நீலகிரி மக்களவைத் தொகுதியில் இருந்து, 2009ல் பொள்ளாச்சிக்குப் போனது. நீலகிரி பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதி ஆனதும் அங்கே எம்.பி.யாக இருந்த ஆர். பிரபு 2009ல் கோவைக்கு வந்து நின்றார். இத்தனையும் ஒரே கோடு மாறியதால் வந்த மாற்றம். ஆகவே 2004 கணக்கையும் 2009 கணக்கையும் பக்கத்தில் வைத்து "இத்தனை சதவீதம் குறைந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2009, 2014, 2019, 2024 நான்கையும் மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள், அவைதான் ஒரே நிலத்தின் ஓட்டு.

அந்த நான்கில் கை வைப்போம், கால்குலேட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். 2009ல் நடராஜனுக்கு 2,93,165, பிரபுவுக்கு 2,54,501, மூன்றாவதாக வந்த கொங்குநாடு முன்னேற்றக் கழகத்தின் ஈ.ஆர். ஈஸ்வரனுக்கு 1,28,070. வித்தியாசம் 38,664, மூன்றாம் ஆள் வாங்கியது அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். ஜெயித்தவருக்கு நூற்றுக்கு 36 பேர் அளவில்தான் போட்டிருக்கிறார்கள். யார் ஜெயித்தார் என்று மட்டும் பார்த்தால் இது ஒரு இடதுசாரித் தொகுதி. மூன்று பேரையும் சேர்த்துப் பார்த்தால், அந்த வருசம் புதிதாக வந்த ஒரு கொங்குக் கட்சி ஒன்றேகால் லட்சம் ஓட்டைக் கையில் வைத்திருந்த தொகுதி. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் நடந்த விஷயம்.

அடுத்து எல்லாரும் செய்கிற ஒரு தப்பு, கூட்டல். 2024ல் ராஜ்குமார் 5,68,200, பா.ஜ.க.வின் அண்ணாமலை 4,50,132, அ.தி.மு.க.வின் சிங்கை ஜி. ராமச்சந்திரன் 2,36,490. பின்னால் வந்த இரண்டையும் கூட்டினால் 6,86,622 வருகிறது, சேர்ந்து நின்றிருந்தால் ஜெயித்திருப்பார்கள் என்று அன்றைக்கே பேக்கரியில் சொல்லிவிட்டார்கள். சரி, அதே கூட்டலை 2014க்கும் போடுங்கள். தனித்தனியாக நின்றபோது அ.தி.மு.க.வின் நாகராஜன் 4,31,717, பா.ஜ.க.வின் ராதாகிருஷ்ணன் 3,89,701, கூட்டினால் 8,21,418. ஐந்து வருசம் கழித்து 2019ல் அந்த இரண்டு கட்சியும் நிஜமாகவே சேர்ந்து, அதே ராதாகிருஷ்ணன் நின்றார். வாங்கியது 3,92,007. நடராஜன் 5,71,150 வாங்கி 1,79,143 வித்தியாசத்தில் ஜெயித்தார். எட்டு லட்சம் என்று தாளில் இருந்தது, பெட்டியில் நான்கு லட்சம்கூட வரவில்லை. 2014ல் பா.ஜ.க. பக்கம் இருந்த ம.தி.மு.க.வும் ஈஸ்வரனின் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சியும் 2019ல் தி.மு.க. பக்கம் போயிருந்தன, அது ஒரு பங்கு. ஆனால் அது மட்டுமே நான்கு லட்சத்தை விழுங்கியிருக்க முடியாது. கட்சிகள் கைகோர்த்தால் ஓட்டுப் போட்டவர்களும் கைகோர்த்து வருவார்கள் என்பது கிடையாது என்பதற்கு நம் தொகுதியிலேயே இவ்வளவு நல்ல சாட்சி இருக்கிறது, தயவுசெய்து கூட்டல் போடுவதற்கு முன்னால் இந்த இரண்டு வருசத்தையும் ஒருமுறை பாருங்கள்.

எம்.பி. தேர்தல் ஓட்டையும் எம்.எல்.ஏ. தேர்தல் ஓட்டையும் கலக்கவும் கூடாது. 2019ல் மக்களவை தி.மு.க. கூட்டணிக்கு. 2021ல் கோவை மாவட்டத்தின் பத்து சட்டமன்றத் தொகுதியும் அ.தி.மு.க. கூட்டணிக்கு, பல்லடமும் அவர்களுக்கே. 2022 மாநகராட்சித் தேர்தலில் 100 வார்டில் 96 மறுபடி தி.மு.க. கூட்டணிக்கு. மூன்று வருசத்தில் மூன்று விதம். சூலூர்க்காரர்கள் இதையே ஒரே மாதத்தில் பார்க்கலாம்: 2019 ஏப்ரல் 18 மக்களவைக்கு ஓட்டு, மே 19 சட்டமன்ற இடைத்தேர்தல், இரண்டுக்கும் எண்ணிக்கை மே 23 அன்று. மக்களவைக்குத் தி.மு.க. கூட்டணி ஜெயித்த அதே நாளில் சூலூரில் அ.தி.மு.க. ஜெயித்தது. அந்த இரண்டு தேர்தலின் முடிவுத் தாளையும் பூத் வாரியாகப் பக்கத்தில் வைத்தால், யார் யார் இரண்டு தடவையும் வேறு வேறு பொத்தானை அமுக்கினார்கள் என்று தெருத் தெருவாக ஓரளவு கணிக்கலாம்.

அந்தத் தாளுக்கு இப்போது வருவோம். பெயர் படிவம் 20, இறுதி முடிவுத் தாள். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் தேர்தல் வாரியாக, சட்டமன்றத் தொகுதி வாரியாகப் பி.டி.எஃப். ஆகக் கிடைக்கும். மக்களவைத் தேர்தலுக்கும் சட்டமன்றத் தொகுதிப் பிரிவாகத்தான் எண்ணுகிறார்கள், அதனால் கவுண்டம்பாளையத்துக்கு ஒரு தாள், சூலூருக்கு ஒரு தாள் என்று தனித்தனியாக இருக்கும். திறந்ததும் மிரண்டுவிடாதீர்கள். குறுக்கே வேட்பாளர்கள் பெயர், நெடுக்கே பூத் எண், நடுவில் எண்களாகவே நிற்கும். முக்கால்வாசி சுயேச்சைகள், அவர்கள் கட்டத்தில் 0, 1, 3 என்றுதான் இருக்கும், அதை விட்டுவிடுங்கள். முதல் மூன்று நான்கு வேட்பாளர்களின் கட்டத்தைப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், கடைசிப் பக்கம் போனால் மொத்தம் இருக்கும், அதுதான் பிரிவின் கணக்கு, மக்களவைத் தேர்தலில் தபால் ஓட்டைத் தனியாக எண்ணித் தொகுதி மொத்தத்தில்தான் சேர்ப்பார்கள். 2014லிருந்து நோட்டாவுக்கும் ஒரு கட்டம் உண்டு. சில வருசத்துத் தாள் ஸ்கேன் செய்தது, எழுத்து மங்கலாக இருக்கும், 3ம் 8ம் ஒன்றுபோலத் தெரியும். அந்த மாதிரி இடத்தில் அந்த வரிசை முழுவதையும் கூட்டி மொத்தத்தோடு சரிபாருங்கள், தானாகத் தெரிந்துவிடும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பூத் எண் நிலையாக இருக்காது. ஒரு பூத்துக்கு 1,500 பேர் என்றிருந்த வரம்பை இப்போது 1,200 ஆக்கியிருக்கிறார்கள், குடியிருப்பு வளர்ந்த இடத்தில் ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், பின்னால் வரும் எண்ணெல்லாம் தள்ளிப் போகும். எங்கள் பள்ளிக்கூடத்தில் முன்பு ஒரே பூத், இப்போது நான்கு அறையில் நான்கு. 2014ன் 140வது பூத்தும் 2024ன் 140வது பூத்தும் வேறு வேறு ஊராக இருக்கலாம். அதனால் எண்ணை வைத்துத் தேடாமல் கட்டடத்தை வைத்துத் தேடுங்கள். அந்தந்த வருசத்து வாக்குச்சாவடிப் பட்டியலை எடுத்து, "ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, வடக்குப் பார்த்த கட்டடம்" என்று எந்த எண்ணுக்கு எதிரே இருக்கிறதென்று பார்த்து, அந்தக் கட்டடத்தில் இருக்கும் எல்லா பூத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். நான் இதைத் தெரியாமல் ஒரு முழு ராத்திரி வேறொரு தெருவின் கணக்கை எங்கள் தெருக் கணக்கென்று போட்டுவிட்டு, காலையில் மொத்த ஓட்டு ஒத்துவராமல் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

கிடைத்ததைச் சதவீதமாக மாற்றுங்கள், எண்ணாக வைத்தால் வளர்ந்த பூத்தில் எல்லாருமே வளர்ந்ததாகத் தெரியும். பிறகு பிரிவின் சராசரியோடு உங்கள் பூத்தை வைத்துப் பாருங்கள், மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா, அது நான்கு தேர்தலிலும் ஒரே பக்கமா என்று. எங்கள் பக்கத்தில் எனக்குத் தெரிந்தது இது: பழைய மில் காலனி பூத்துகள் ஆள் மாறினாலும் பெரிதாக அசையவில்லை, அபார்ட்மெண்ட் வந்த பூத்துகள் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு திசை போயிருக்கின்றன, அவற்றில் ஓட்டுப் பதிவும் குறைவு. 2024ல் தொகுதி முழுவதும் பதிவானது 65 சதவீதம் அளவுக்கு. அதைவிடக் கீழே இருக்கும் பூத்தைப் பார்த்ததும் அங்கே இருப்பவர்களுக்கு அக்கறை இல்லை என்று எழுதிவிடாதீர்கள். வேலைக்கு வந்து குடியேறிய பாதிப் பேரின் பெயர் இன்னும் மதுரையிலோ தஞ்சாவூரிலோ இருக்கும், வீடு மாறிப் போனவர்களின் பெயர் இங்கே அப்படியே இருக்கும். 2025 கடைசியில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் (எஸ்.ஐ.ஆர்.) வாக்காளர் பட்டியல் பெரிய அளவில் மாறியிருக்கிறது, ஆகவே அதற்குப் பிந்தைய பதிவுச் சதவீதத்தை 2024ஓடு நேராக ஒப்பிடாதீர்கள், வகுக்கும் எண்ணான மொத்த வாக்காளர் எண்ணிக்கை குறைந்தால் ஓட்டுப் போட்டவர்கள் அதே ஆட்களாக இருந்தாலும் சதவீதம் ஏறும்.

அந்தத் திருத்தத்தின்போது இருபது வருசத்துக்கு முந்தைய பட்டியலில் எங்கள் அம்மா பெயரைத் தேடினோம். கவுண்டம்பாளையம் என்று ஒரு சட்டமன்றத் தொகுதியே அன்றைக்குக் கிடையாது, பழைய தொகுதி எது என்று தெரியாமல் இரண்டு நாள் போனது. கடைசியில் கிடைத்தது, வீட்டு எண் தப்பு, அப்பா பெயரில் ஒரு எழுத்துத் தப்பு, ஆனால் அவர்தான். நீங்களும் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பழைய பாகம் எண்ணை இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். வீடு மாறியிருந்தால் படிவம் 8, புதிதாகச் சேர்ப்பதென்றால் படிவம் 6, இரண்டையும் அதே வாக்காளர் சேவைத் தளத்தில் நிரப்பலாம், உங்கள் பூத் நிலை அலுவலரிடம் கையிலும் கொடுக்கலாம்.

எல்லாம் முடிந்தால் உங்கள் நோட்டில் ஒரே ஒரு பக்கம் மிஞ்சும்: நான்கு வரிசை, ஒவ்வொன்றிலும் வருசம், கட்டடத்தின் பெயர், மொத்த ஓட்டு, முதல் மூன்று பேரின் சதவீதம், பக்கத்தில் அந்த வருசத்துக் கூட்டணி. ஐந்தாவது வரிசையைக் காலியாக விட்டிருக்கிறேன். அப்பாருவிடம் காட்டியபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மில் காலனி வரிசையைத் திரும்பத் திரும்பப் படித்தார், அப்புறம் "71ல நாங்க போட்டது இதுல இல்லையா?" என்று கேட்டார். பூத் வாரியாக இணையத்தில் கிடைப்பது பிந்தைய வருசங்கள்தான், 1971க்குத் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கையில் தொகுதி மொத்தம் மட்டும் இருக்கிறது. அதனால் அந்த வருசத்துக்கு அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிறேன், எந்த மில் கேட்டில் கூட்டம் போட்டார்கள், யார் சைக்கிளில் வந்து ஓட்டுக் கேட்டார்கள், பூத் எந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்தது என்று.